மாத்திரையும் மஸ்டரும்: தூய்மைப் பணியாளரின் காசநோய்க்கு யார் பொறுப்பு?

2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து 13 நாள்கள் சென்னை ரிப்பன் மாளிகையின் முன்னால் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தனர். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்த போராட்டம் அது. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் கூடிய தமிழக அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கென ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவும் வீடும் காப்பீடும் தலைப்புச் செய்திகளாயின. போராடியவர்கள் கேட்ட பணிப் பாதுகாப்பு அந்த ஆறில் இல்லை என்பதைப் பலரும் சுட்டிக்காட்டினர். அதிகம் பேசப்படாத ஓர் அம்சமும் அதில் இருந்தது. குப்பையைக் கையாளுவோருக்கு நுரையீரல், தோல் தொடர்பான நோய்கள் ஏற்படுவதால், இத்தகைய தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கத் தனித் திட்டம் செயல்படுத்தப்படும் என்றது அரசு.

வழக்கறிஞர் என்ற முறையில் அந்த அறிவிப்பை நான் பலமுறை படித்தேன். இந்த வேலை நுரையீரலைக் கெடுக்கிறது என்பதை வேலை வாங்கும் தரப்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படி ஒப்புக்கொண்டபின் பேச்சு சிகிச்சையோடு நிற்க முடியாது. நோய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் உடன் எழும். அந்தக் கேள்வியைக் காசநோயை முன்வைத்து இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

2025க்குள் இந்தியாவில் காசநோயை ஒழிப்போம் என்று 2018 மார்ச்சில் பிரதமர் அறிவித்தார். உலக நாடுகள் தமக்கு விதித்துக்கொண்ட 2030 என்னும் கெடுவுக்கு ஐந்தாண்டுகள் முந்தைய கெடு அது. ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோரின் எண்ணிக்கையை ஒரு லட்சம் பேருக்கு 44 என்ற அளவுக்குக் கொண்டுவருவது தேசிய உத்தித் திட்டத்தின் இலக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2015இல் 237 ஆக இருந்த அந்த எண், 2024இல் 187 ஆகியிருக்கிறது. உலகின் சராசரியைவிட வேகமான சரிவுதான்; மறுக்கவில்லை. ஆனாலும் கெடு கடந்துவிட்டது, இலக்கு எட்டாத தொலைவிலேயே நிற்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் இந்தியர்.

அந்த நால்வரில் ஒருவர் யார் என்று கேட்டால் அரசிடம் பல பதில்கள் உண்டு. வயது, பாலினம், மாநிலம், சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகையிலைப் பழக்கம் என்று பலவாறாகப் பிரித்து ஆண்டறிக்கை சொல்கிறது. பழங்குடியினருக்கெனத் தனிச் செயல்திட்டமும் இருக்கிறது. தேவையான ஒன்று அது. பட்டியல் சாதியினரில் எத்தனை பேருக்கு நோய், அவர்களுள் எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்ற வரிசையைத்தான் அந்த அறிக்கைகளில் நான் கண்டதில்லை. கணக்கெடுக்க முடியாத செய்தி என்று இதைச் சொல்ல இயலாது. கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் வேலை செய்வோருக்கான 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசே சாதிவாரியாக விவரம் திரட்டியது. 2024இல் வெளியான அந்த விவரப்படி, பதிவுசெய்யப்பட்ட சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். சாக்கடைக்குள் இறங்குபவரின் சாதி அரசுக்குத் தெரிகிறது. அதே மனிதர் இருமலோடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலை மிதிக்கும்போது அந்த விவரம் தேவையற்றதாகிவிடுகிறது.

இனி என் கோப்புகளில் ஒன்றுக்கு வருகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன். கொங்குப் பகுதியின் ஒரு நகராட்சி என்றால் போதும். ஐம்பதை நெருங்கும் அருந்ததியர் பெண். ஒப்பந்ததாரரிடம் தூய்மைப் பணி. என்னைப் பார்க்க வந்தது நோய்க்காக அன்று. "ரெண்டு மாசக் கூலி நிக்குது கண்ணு, அத மட்டும் வாங்கிக் குடுத்துரு, போதும்" என்றார். ஆதார் நகலை எடுக்கப் பையைத் திறந்தபோது மாத்திரை அட்டைகள் மேசையில் விழுந்தன. அவசரமாக அவற்றை உள்ளே தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போகச் சொல்லிவிடுவேனோ என்ற அச்சம் அந்தப் பார்வையில் இருந்தது.

தீபாவளிக்கு முன் தொடங்கிய இருமல். முதலில் மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை. அடுத்து ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று முறை ஊசியும் டானிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலிக்கு மேல் செலவு. பொங்கலுக்குள் சேலை இடுப்பில் நிற்கவில்லை என்கிறார். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை. சளியில் இரத்தம் கண்ட பிறகே அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே குறைசொல்ல ஒன்றுமில்லை: சளியைச் சோதித்தார்கள், மறுநாளே முடிவு தந்தார்கள், மருந்தைத் தொடங்கினார்கள். எடை 36 கிலோ. ஆகவே நாளுக்கு மூன்று மாத்திரைகள், ஆறு மாதங்களுக்கு. சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

சிக்கல் மருத்துவமனைக்கு வெளியே தொடங்கியது. அதிகாலை நான்கரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, ஆறு மணிக்கு மஸ்டரில் நின்றவருக்குக் குமட்டலும் தலைசுற்றலும். இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் மேஸ்திரிக்குச் செய்தி தெரிந்துவிட்டது. "உடம்பு தேறுனதுக்கப்பறம் வா, அதுவரைக்கும் பேரு இருக்காதுன்னு சொல்லிப்போட்டாருங்க" என்றார். கூலியில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ.க்கென்று பிடித்தம் நடந்திருக்கிறது. அட்டை மட்டும் கையில் தரப்படவில்லை. நகராட்சியில் முறையிட்டபோது, அவர் எங்கள் பணியாளர் இல்லை, ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்ற பதில் கிடைத்தது.

இங்கேதான் நான் சொல்லவரும் செய்தி இருக்கிறது. தமிழகத்தின் பெரும்பாலான நகராட்சிகளில் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் ஒரே பிரிவின் பொறுப்பு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்துவதும் அந்த உள்ளாட்சி அமைப்பே. தெருவைக் கூட்டவைப்பதும் அதுவே. கொசு மருந்து அடிப்பது, தொற்றுநோய் பற்றித் தகவல் திரட்டுவது, தூய்மைப் பணியாளரின் வருகையைச் சரிபார்ப்பது எல்லாம் அதே சுகாதார ஆய்வாளரின் கீழே வருகின்றன. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய அமைப்பே, கண்டுபிடித்த நோயால் கூலி இழக்கும் ஏற்பாட்டுக்கும் முதல் வேலையளிப்போராக நிற்கிறது. நோயைச் சொன்னால் பெயர் அடிக்கப்படும் என்று அறிந்த ஒரு தொழிலாளி, அந்த அமைப்பிடம் போய் எதற்காக இருமலைச் சொல்லவேண்டும்?

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்ப் பரவல் ஆய்வு, அறிகுறிகள் இருந்தும் மருத்துவம் நாடாதவர்கள் 64 விழுக்காடு என்று கண்டறிந்தது. காரணம் கேட்டபோது பெரும்பாலோர், அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்றனர். விழிப்புணர்வின்மை என்று இதற்கு விளக்கம் எழுதுவது எளிது. சுவரொட்டி அடித்தால் தீர்ந்துவிடும். குப்பைக்கிடங்கின் புகைக்கு நடுவே வேலை செய்பவருக்கு இருமல் என்பது வேலையின் ஒரு பகுதி. அவரைச் சுற்றி எல்லோரும் இருமுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையில், எந்த இருமலிலிருந்து இரண்டு வாரத்தை எண்ணத் தொடங்குவது என்பது அவருக்குத் தெரியாது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டுச் சோதித்திருந்தால் நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தவறிப்போயிருப்பார்கள். ஆகவே கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை, கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வேலை போகும் மக்களிடம் இரட்டிப்பாகத் தோற்கும்.

பரிசோதனையின் நேரத்தையும் பாருங்கள். சளி மாதிரிகளில் ஒன்று காலையில் கண் விழித்ததும் எடுக்கப்படவேண்டும். தூய்மைப் பணியாளர் கண் விழிக்கும் நேரத்தில் ஆய்வகம் பூட்டியிருக்கும். ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் பேட்டரி வண்டியோடு தெருவில் இருப்பார். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்க அரை நாள் விடுப்பு, முடிவை வாங்க இன்னொரு நாள். ஒப்பந்தக் கூலிக்காரருக்கு விடுப்பு என்பதே சம்பளமில்லா நாள். ட்ரூநாட் போன்ற கருவிகள் மின்கலத்தில் இயங்கக்கூடியவை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நோய்க்கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிப்பவை. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி எதிர்ப்புக் கொண்டிருக்கிறதா என்பதையும் அடுத்த சோதனையில் சொல்பவை. நுண்ணோக்கியின் கண்ணுக்குத் தப்பும் கிருமிகளும் இதில் அகப்படும். தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகளும் வந்துவிட்டன. 2024 டிசம்பர் 7 அன்று ஒன்றிய அரசு 347 மாவட்டங்களில் தொடங்கிய 100 நாள் இயக்கம் இவற்றை வைத்துத்தான் நடந்தது. கருவி ஊருக்குள் வர முடியும் என்றால், காலை ஆறு மணிக்கு மஸ்டர் எடுக்கும் இடத்துக்கும் வர முடியும். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். சோதனைக்கு ஆகும் நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும்.

தமிழகத்தின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பால் இது இயலாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதற்குச் சான்று. நோய் உறுதியானவுடன் ஒவ்வொரு நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார்கள். மூச்சு வேகத்தையும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் பார்க்கிறார்கள். கால்கள் வீங்கியிருக்கின்றனவா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று கவனிக்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரை அன்றே பிரித்தறிந்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் இல்லாத, செவிலியரே செய்யக்கூடிய வேலை. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நேர்கிறது என்பதால் இந்தத் தொடக்கப் பிரிப்பு உயிர்களைக் காக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தத் திட்டங்களின் பார்வை நோயாளியின் உடலையும் வீட்டையும் எட்டுகிறது. அவருடைய மஸ்டரை எட்டுவதில்லை.

உணவைப் பற்றிச் சொல்லாமல் காசநோயைப் பற்றிச் சொல்ல இயலாது. அதற்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் பெற்றனர். மற்றவர்கள் தம் நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்ததை உண்டு, அதே மருந்தை எடுத்துக்கொண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகையே மாற்றியது: இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஏழைகள் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற பெரும் விடுதலை அது. ஆயினும் அந்த ஆய்விலிருந்து அதிகாரவர்க்கம் வேறொரு பாடத்தையும் வசதியாகக் கற்றுக்கொண்டது என்பேன்: மருந்து இருந்தால் போதும், சோறு அரசின் கவலை அன்று.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு அந்தப் பாடத்தைத் திருத்தியது. 2,800 காசநோயாளிகளின் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்குபெற்றனர். குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுக்கப்பட்டபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் காசநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைவாக இருந்தது. 2023 ஆகஸ்டில் 'லான்செட்' இதழ்களில் இந்த முடிவுகள் வெளியாயின. பருப்பு ஒரு தடுப்பு மருந்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஒன்றிய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருகிறது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் நேரடியாக வரவேண்டிய தொகை. நான் சொன்ன அம்மாவுக்கு நான்காம் மாதம்வரை வரவில்லை. கணக்கு நீண்ட காலம் பயன்படுத்தப்படாததால் முடங்கியிருந்தது. ஆதாரில் பெயரின் முதலெழுத்து ஒன்று, கணக்கில் ஒன்று. அதைத் திருத்த இரண்டு நாள், இரண்டு பேருந்து. எடை ஏறவேண்டிய முதல் இரண்டு மாதங்கள் இதிலேயே கழிந்தன. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' முறையில் கொடையாளர்கள் நோயாளியைத் 'தத்தெடுத்து' உணவுப் பொட்டலம் தரலாம். நல்லெண்ணத்தோடு செய்பவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் பொட்டலத்தைக் கொடுப்பவரும் வாங்குபவரும் புகைப்படத்துக்கு நிற்கும் காட்சிகளைப் பார்க்கும்போது, நோயாளியின் அந்தரங்கம் என்பது யாருடைய நினைவிலும் இல்லை என்று தெரிகிறது. ஊரின் கடைத்தெருவே பார்க்கும் அந்தப் படத்துக்குப் பிறகு சேரிப் பெண்ணொருத்தி எந்த வீட்டு வாசலில் குப்பை கேட்டு நிற்க முடியும்? உரிமையாக ரேஷன் கடையில் வாங்கவேண்டியதைக் கும்பிட்டு வாங்கவைப்பதில் நமக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது.

மருத்துவத் துறையின் மொழியிலும் ஒன்றைச் சொல்லவேண்டும். சிகிச்சையை இடையில் நிறுத்தியவரை நெடுங்காலம் 'டிஃபால்ட்டர்' என்றே பதிவேடுகள் குறித்தன. கடன் கட்டத் தவறியவருக்கு வங்கியில் வழங்கும் சொல் அது. அலுவல் மொழியில் பின்னர் மாற்றிவிட்டார்கள்; வாய்மொழியில் இன்றும் கேட்கலாம். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கொள்முதல் தாமதத்தால் அடிப்படைக் காசநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு, மூன்று மாதத்துக்கான மருந்தை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் வந்தது. அப்போது தவணை தவறிய அரசை எவரும் டிஃபால்ட்டர் என்று பதிவேட்டில் எழுதவில்லை. தூய்மைப் பணியாளர் என்றால் கேட்கப்படும் முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" என்பது. மது காசநோயின் ஆபத்தைக் கூட்டும் என்பது மருத்துவ உண்மை. மலக்குழியின் நாற்றத்தைக் குடிக்காமல் தாங்க முடியாது என்பது தொழிலின் உண்மை. முதலாவதை மட்டும் எழுதிக்கொள்ளும் பேனா இரண்டாவதைக் காண்பதில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதற்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் மூடப்பட்ட கதவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. என் கட்சிக்காரருக்குக் கதவு திறந்தே இருந்தது. போனால் கூலி போகும் என்பதே தடை. அந்தத் தடையை இச்சட்டங்களின் சொற்களுக்குள் அடக்குவது கடினம். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரை அதன் காரணமாக வேலையைவிட்டு நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. காசநோயாளிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. முறையான மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் நீங்கிவிடும் என்ற மருத்துவ உண்மைக்கு வேலைத்தளத்தில் எந்தச் சட்ட மதிப்பும் இல்லை.

ஆயினும் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காசநோயாளிக்கு இ.எஸ்.ஐ.யில் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் உண்டு: கூலியின் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள்வரை. அதைப் பெற இரண்டு ஆண்டுத் தொடர் பணியும் போதிய பங்களிப்பும் காட்டவேண்டும். இங்கேதான் ஒப்பந்த முறையின் நுட்பம். டெண்டர் மாறும்போது நிறுவனம் மாறுகிறது. புதிய நிறுவனம் பழைய தொழிலாளியைப் புதியவராகப் பதிகிறது. புதிய எண் தருகிறது. அதே தெருவை, அதே துடைப்பத்தால் பதினோரு ஆண்டுகள் கூட்டியவருக்குக் காகிதத்தில் பதினோரு மாதப் பணிதான். நோய்க்காலப் பயன் பெறும் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு கூறியது. ஆனால் பணியில் இருந்ததாகவே பதிவில்லாதவரை நீக்கினார்கள் என்று எப்படி நிறுவுவது?

இரண்டாவது கருவி தொழில்சார் நோய்ப் பட்டியல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், அதையொட்டி இ.எஸ்.ஐ. சட்டத்திலும், இன்று 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. அதன் முதல் பகுதியின் முதல் இனமே தொற்று நோய்கள். மருத்துவ, ஆய்வக வேலைகளையும் கால்நடைகளையும் அவற்றின் சடலங்களையும் கையாளும் வேலைகளையும் சொல்லிவிட்டு, தொற்றுக்கான தனித்த ஆபத்துள்ள பிற வேலைகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. கல் குவாரித் தூசியால் வரும் சிலிகோசிஸோடு சேர்ந்த காசநோயைப் பட்டியல் வேறோரிடத்தில் பெயரிட்டே குறிப்பிடுகிறது. மருத்துவமனையில் சளித் துணியை எடுக்கும் பணியாளருக்குத் தொற்றுக்கான தனித்த ஆபத்து உண்டென்றால், அதே துணி குப்பையில் வந்து சேரும்போது அதை வெறுங்கையால் பிரிப்பவருக்கு என்ன ஆபத்து? காசநோய் பெரும்பாலும் காற்றின் வழியாகவே பரவுகிறது. தொட்டால் பரவுவது அரிது. ஆகவே இந்த வாதத்தைத் துணியின்மேல் மட்டும் நிறுத்தக்கூடாது. காற்றோட்டமில்லாத தங்குமிடங்கள், இருமும் ஒருவரோடு ஒரே வண்டியில் அன்றாடப் பயணம், நுரையீரலின் எதிர்ப்பைக் குலைக்கும் குப்பைப் புகை, எடையை இறக்கும் கூலி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே வேலையின் ஆபத்தை அளக்கவேண்டும். 2025 ஆகஸ்டு அறிவிப்பின் நுரையீரல் பற்றிய வரி இங்கே பயன்படும்.

நீதிமன்றங்களுக்கும் காசநோய் புதிதன்று. அரசு மருத்துவமனையில் உரிய நேரத்தில் சிகிச்சை மறுக்கப்படுவது 21ஆம் உறுப்பை மீறுவது என்று 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாரம் மூன்று நாள் மருந்து என்றிருந்ததை நாள்தோறும் தருவதாக மாற்ற 2017 ஜனவரியில் ஒன்பது மாதக் காலவரம்பு விதித்ததும் உச்ச நீதிமன்றமே. அதே மாதத்தில், பாட்னாவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவருக்கு டெல்லிவாசி இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்ட பெடாகுவிலின் மருந்து, டெல்லி உயர் நீதிமன்ற வழக்குக்குப் பின்னரே கிடைத்தது. இவை யாவும் மருந்தைப் பற்றிய வழக்குகள். மருந்து உண்ணும் ஆறு மாதமும் சோறு எங்கிருந்து வரும் என்ற வழக்கு இனிமேல்தான் வரவேண்டும்.

வழக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உள்ளாட்சிகள் தம் டெண்டர் நிபந்தனைகளில் சில வரிகளைச் சேர்த்தாலே பாதிக் காரியம் முடியும்: காசநோய் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்கு முழுக் கூலியுடன் விடுப்பு, அதன்பின் மருத்துவர் சொல்லும் வரை இலகுவான பணி, டெண்டர் மாறினாலும் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. எண்ணும் பணிக்காலமும் மாறாதிருத்தல். நோய் பற்றிய தகவல் மேஸ்திரிக்குப் போகக்கூடாது என்பதையும் எழுதியே வைக்கவேண்டும். ஒருவருக்கு நோய் கண்டால் அவருடைய குடும்பத்தினரைத் தேடிச் சோதிக்கும் வழக்கம் இப்போதே இருக்கிறது. அதே வண்டியில் போகும் மற்ற தொழிலாளரையும் அந்தத் தேடலில் சேர்க்கவேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, நகராட்சி மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். தொழிலையும் சாதியையும் 'நிக்ஷய்' பதிவில் ஏற்றி, பெயரில்லாத மொத்தக் கணக்காக ஆண்டுதோறும் வெளியிடுவது மட்டும் ஒன்றிய அரசின் வேலை. சாதியைக் கேட்டால் நோயாளி கூசுவார் என்று ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார். ஒப்பந்ததாரர் ஆள் எடுக்கும்போது அது கேட்கப்படாமலே தெரிந்துவிடுகிறது என்றேன்.

என் கட்சிக்காரர் ஆறு மாத மருந்தையும் முடித்துவிட்டார். இடையில் ஒரு நாளும் விடவில்லை; அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்து என்னிடம் காட்டினார். எடை 41 கிலோ. நின்றுபோன கூலி, முதல் வேலையளிப்போரின் பொறுப்பைச் சுட்டி அறிவிப்பு அனுப்பிய பிறகு வந்துசேர்ந்தது: ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் நகராட்சியே கொடுக்கவேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4)ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருந்தது. நோய்க்காலப் பயனுக்கும் தொழில்சார் நோய் என்ற உரிமைக்கும் தொடுத்த வழக்கு நிலுவையில் உள்ளது. நகராட்சி தன் எதிருரையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. மனுதாரர் எங்கள் பணியாளர் அல்லர் என்பது முதலாவது. அவருக்கு நோய் பணியிடத்தில் தொற்றியிருக்க வாய்ப்பில்லை, காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத அவருடைய வீட்டிலேயே தொற்றியிருக்கவேண்டும் என்பது இரண்டாவது. அந்த வீடு, நிரந்தரத் தூய்மைப் பணியாளராயிருந்து ஓய்வுபெற்ற அவர் மாமியாருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்ட ஓரறைக் குடியிருப்பு. உரக்கிடங்கின் மதிலை ஒட்டிய வரிசையில் ஏழாவது கதவு. கட்டிக்கொடுத்ததும், வாடகைப் புத்தகத்தில் இன்றும் முத்திரை குத்துவதும் அதே நகராட்சிதான். வாடகைப் புத்தகத்தின் நகலை அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்கிறோம்.